வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் ஈழத்தலரி: இலை செழிக்கிறது, பூ வரவில்லை

செங்காங் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு முன்னால் உள்ள பொதுத் தாழ்வாரத்தில் ஈழத்தலரி (ஆங்கிலத்தில் ஃபிராஞ்சிபானி, தாவரப் பெயர் புளுமேரியா) ஒன்றைத் தொட்டியில் வளர்த்து வருகிறேன். நர்சரியில் பூத்திருந்த நிலையில் வாங்கிய செடி அது. பூவின் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் இருக்கும்; இலைகள் நீண்டு நுனி கூர்ந்திருக்கும். வாங்கிய ஆண்டில் ஜூலை வாக்கில் இரண்டு கொத்துகள் பூத்தன. அதற்குப் பிறகு ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கரும்பச்சை இலைகளைக் குவித்து நிற்கிறதே தவிர, மொட்டு என்று எதுவும் கண்ணில் படவில்லை. தாழ்வாரம் வடக்கு நோக்கியது. தொட்டி கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் இருக்கிறது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். அண்மையில் இலைகளின் அடிப்பக்கத்தில் மஞ்சள்தூள் தூவியதைப் போன்ற பொடியையும் பார்த்தேன். தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்கிறது. பூ வருவதற்கு எந்த உரம் போடலாம், அந்தப் பொடி என்ன, இனி செடியை வெட்டிவிட வேண்டுமா என்பவற்றைத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்வெட்டி எழுதியது:

இலை அதிகம், பூ இல்லை என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிவிட்டது என்றுதான் பொருள். இலைச்செடிகளுக்கான உரத்தை நிறுத்திவிட்டு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த 10-30-10 போன்ற உரத்தை (எண்கள் வரிசையாகத் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு) இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை கொடுங்கள். தண்ணீரையும் குறையுங்கள். ஈழத்தலரியைக் கொஞ்சம் வாட விட்டால்தான் அது பூக்கும்.

ஈரநிலம் எழுதியது:

வாசகி அவர்களே, உரப் பேச்சைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் கேள்வியிலேயே இருக்கும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பாருங்கள். தாழ்வாரம் வடக்கு நோக்கியது என்கிறீர்கள். செடி பூத்தது ஜூலையில் என்கிறீர்கள். இவை இரண்டும் தற்செயலாகப் பொருந்தியவை என்று எனக்குத் தோன்றவில்லை.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே மார்ச் மாதக் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே செல்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே செல்கிறது. உங்கள் தாழ்வாரத்துக்கு நேரடி வெயில் கிடைக்கக்கூடிய காலம் முதலில் சொன்ன அந்தப் பாதி மட்டுமே. அதிலும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிற்பதால் வெயில் மேல்மாடியின் தளத்தில் தடுக்கப்பட்டுவிடும். உருப்படியான வெயில் என்று பார்த்தால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் வரும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உங்கள் செடி நிழலில்தான் வாழ்கிறது. மேற்கு வெயிலைத் தவிர்ப்பதற்காகவே வீவக புளோக்குகளில் பெரும்பாலானவை வடக்கு தெற்காக நோக்கிக் கட்டப்பட்டுள்ளன. குடியிருப்பவர்களுக்கு நன்மையான அந்த ஏற்பாடு வெயில் விரும்பும் செடிக்கு ஒத்துவருவதில்லை.

உச்சமான ஜூன் மாதத்தில்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பிற்பகல் ஒரு மணிக்கு. ஜூன் 21 அன்று அந்த நேரத்தில் சூரியன் நேர் மேலிருந்து வடக்கே ஏறத்தாழ 22 பாகை மட்டுமே சாய்ந்திருக்கும். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்புக்கும் மேல்தளத்துக்கும் இடையில் 1.5 மீட்டர் திறப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சுவரின் மேல்விளிம்பு மட்டத்தில் வெயில் உள்ளே 60 சென்டிமீட்டர் வரைதான் நுழையும். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் இன்னும் உள்ளே வரும். ஆனால் அதன் வலிமை குறைவு. சுவரை ஒட்டித் தரையில் இருக்கும் தொட்டியில், சுவரின் விளிம்புக்கு மேலே எழுந்த இலைகள் மட்டுமே வெயிலைக் காண்கின்றன. அதற்குக் கீழே இருப்பவை சுவரின் நிழலில் கிடக்கின்றன. செடி ஆள் உயரத்துக்கு நீண்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஈழத்தலரி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகிய இடங்களின் வறண்ட, வெயில் மிகுந்த பகுதிகளிலிருந்து வந்த இனம். நாளுக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் என்பதுதான் அது தாராளமாகப் பூப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்த வெயில் இல்லாதபோது இலையை விரித்து உயிர் வாழும்; பூப்பதற்கு வேண்டிய மிச்சத்தைச் சேர்க்காது.

செங்காங் வாசகி எழுதியது:

ஈரநிலம் ஐயா, நீங்கள் சொன்ன பிறகு கவனித்தேன். தண்டில் இலை உதிர்ந்த தழும்புகள் கீழ்ப்பகுதியில் நெருக்கமாகவும் மேலே செல்லச் செல்ல இடைவெளி விட்டும் இருக்கின்றன. அப்படியென்றால் நான் என்ன செய்வது? வீட்டின் பின்பக்கம் தெற்கு நோக்கியது. ஆனால் அங்கே சன்னல்கள் மட்டுமே உள்ளன, வெளியே தொட்டி வைக்க இடமில்லை.

ஈரநிலம் எழுதியது:

அந்தத் தழும்புகள் நல்ல சான்று. நர்சரியின் திறந்த வெயிலில் வளர்ந்தபோது கணுக்கள் நெருங்கியிருந்தன. உங்கள் தாழ்வாரத்துக்கு வந்த பிறகு ஒளியைத் தேடித் தண்டு நீண்டிருக்கிறது.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தொட்டியை அகலமான, கனமான தாங்கி ஒன்றின் மீது ஏற்றி, சுவரின் விளிம்பு மட்டத்துக்கு மேலே செடியின் தலைப்பகுதி முழுவதும் வெயில் படும்படி வையுங்கள். தொட்டியின் விளிம்பு மட்டும் எந்த நிலையிலும் கைப்பிடிச் சுவரின் உயரத்தைத் தாண்டக் கூடாது. செப்டம்பர் கடைசியில் தெற்குப் பக்கச் சன்னலுக்கு உள்ளே, கம்பியை ஒட்டி நகர்த்தலாம். கண்ணாடியைத் திறந்து வைக்கும் நேரம் எல்லாம் செடிக்கு ஆதாயம். ஒரே செடிக்காக ஆண்டுக்கு இரு முறை இடம் மாற்றுவது தொல்லை என்று தோன்றினால், கீழ்த்தளத்துச் சமூகத் தோட்டத்தில் திறந்த இடம் கிடைக்குமா என்று உங்கள் வட்டார வசிப்போர் அமைப்பிடம் கேட்டுப் பாருங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் இன்று பெரும்பாலான குடியிருப்புப் பேட்டைகளை எட்டியிருக்கிறது. செடியை அங்கே கொண்டு சென்றுவிட்டால் மற்ற எல்லாக் கேள்விகளும் பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் கருத்து.

பெடோக் மூத்தவர் எழுதியது:

ஈரநிலம் தம்பி சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். வெட்டிவிடலாமா என்ற கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

இந்த மரம் பூப்பது கிளையின் நுனியில். ஒரு நுனியில் பூங்கொத்து வந்துவிட்டால் அந்த நுனியின் வளர்ச்சி அத்தோடு முடிந்து, அதற்குக் கீழிருந்து இரண்டு அல்லது மூன்று கிளைகள் பிரியும். அந்தக் கிளைகள் முதிர்ந்த பிறகு ஒவ்வொன்றின் நுனியிலும் பூ வரும். ஆகவே பூத்த மரம் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகப் பூக்கும். பூக்காத மரம் ஒற்றைக் குச்சியாக நீண்டுகொண்டே போகும். வெட்டினாலும் வெட்டிய இடத்துக்குக் கீழே கிளைகள் வரும் என்பது உண்மை. ஆனால் அவை முதிர்ந்து பூப்பதற்கு நல்ல வெயில் இருந்தாலே ஓர் ஆண்டு போல ஆகும். நிழலில் வைத்துக்கொண்டு வெட்டினால் ஒரு நீண்ட குச்சிக்குப் பதிலாக மூன்று நீண்ட குச்சிகள் கிடைக்கும், அவ்வளவுதான். முதலில் வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பருவம் பொறுத்திருந்து பாருங்கள். அதன் பிறகும் தலை கனத்துச் சாய்வதாக இருந்தால், பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ மழை ஓய்ந்திருக்கும் வாரங்களாகப் பார்த்து வெட்டுங்கள். வெட்டுவாய் காய்வதற்குச் சிங்கப்பூரில் அதைவிட நல்ல காலம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது இலை நுனி கூர்ந்த ரூப்ரா இனம். அது வறட்சியில் இலையைக் கொட்டிவிடும், துரு நோய்க்கும் எளிதில் ஆளாகும். இலை நுனி உருண்டு, பளபளப்பாக, ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் வெள்ளைப் பூ மரத்தை நீங்கள் சாலையோரங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஒப்டுசா இனம். கரீபியப் பகுதியைச் சேர்ந்த அந்த மரத்தை 1931இல் ஹரால்ட் லயன் என்பவர் இங்கிருந்துதான் ஹவாய்க்குக் கொண்டு சென்றார். அதனால் பிறந்த ஊர் வேறாக இருந்தாலும் உலகத் தோட்டக்காரர்களிடம் அதற்குச் 'சிங்கப்பூர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அடுத்த முறை நர்சரிக்குச் செல்லும்போது குட்டையான 'சிங்கப்பூர் பிங்க்' வகை இருக்கிறதா என்று கேளுங்கள். தொட்டியில் அடக்கமாக நிற்கும்.

மண்வெட்டி எழுதியது:

வெயில் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உரம் வேண்டியதில்லை என்பதுபோல இங்கே பேசப்படுவதை ஏற்க இயலாது. அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் ஈழத்தலரி வளர்ப்பவர்கள் பலர் மணிச்சத்து மிகுந்த உரத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். 10-50-10 வரை கொடுப்பவர்களும் உண்டு. என் சொந்தச் செடிகள், மொட்டைமாடி இல்லாத வீட்டில் கிழக்குப் பக்கத்தில் நிற்பவை, அந்த உரத்தில்தான் பூக்கின்றன. பலன் கண்ணெதிரே இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

ஈரநிலம் எழுதியது:

மண்வெட்டி அண்ணன், உரமே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. உங்கள் செடிகள் கிழக்கு நோக்கி நிற்கின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். கிழக்குப் பக்கத்துக்கு ஆண்டின் எல்லா மாதங்களிலும் காலை வெயில் உண்டு. சூரியன் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் உதிப்பது கிழக்கில்தானே. அந்தச் செடிகள் பூப்பதற்கு உரம் காரணமா வெயில் காரணமா என்பதை அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மணிச்சத்து செடிக்குக் குறைந்த அளவிலேயே தேவைப்படுகிறது. நர்சரிக் கலவைகளிலும் நாம் போடும் உரங்களிலும் அந்த அளவு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. மேலும் மேலும் சேர்த்தால் மிச்சம் தொட்டியிலேயே தங்கி, இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளை வேர் எடுத்துக்கொள்வதற்குத் தடையாகிறது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிறிப் போவது அதன் அடையாளங்களில் ஒன்று. அதைப் பார்த்துவிட்டுச் சத்துப் போதவில்லை என்று எண்ணி இன்னும் உரம் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மழையில் நனையும் தரைச்செடியில் உப்பு அலசிப் போய்விடும்; கூரைக்கு அடியில் இருக்கும் தாழ்வாரத் தொட்டியில் அந்த வாய்ப்பும் இல்லை.

என் பரிந்துரை எளிமையானது: தழை, மணி, சாம்பல் சத்துகள் ஏறக்குறைய சமமாக உள்ள, மெதுவாகக் கரையும் குருணை உரத்தை, பையில் எழுதியிருக்கும் அளவில் பாதி, வெயில் வரும் பருவத்தில் மட்டும் போட்டால் போதும். நிழலில் நிற்கும் மாதங்களில் எதுவும் வேண்டாம். மூத்த இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் விழுந்தால் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) சிறிதளவு தண்ணீரில் கரைத்து ஊற்றலாம்.

மண்வெட்டி எழுதியது:

நுண்சத்துத் தடை பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். என் செடிகளில் ஒன்றுக்கு மட்டும் உரத்தை மாற்றிப் பார்க்கிறேன். வாட விட்டால்தான் பூக்கும் என்று சொன்னதில் மட்டும் நான் பின்வாங்கவில்லை.

மழைத்துளி எழுதியது:

இலையடியில் இருக்கும் பொடியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். வாசகி அவர்கள் விவரிப்பது துரு நோய். கொலியோஸ்போரியம் புளுமேரியே என்னும் பூஞ்சையால் வருவது. ஈழத்தலரி இனத்தையே குறிவைக்கும் நோய் என்பதால் பக்கத்திலிருக்கும் துளசிக்கோ கறிவேப்பிலைக்கோ பரவிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். இலையின் அடியில் ஆரஞ்சு மஞ்சள் நிறக் கொப்புளங்களும், அதே இடத்துக்கு நேர் மேலே இலையின் முகப்பில் வெளிறிய புள்ளிகளும் தோன்றும். நாளாக நாளாக அந்தப் புள்ளிகள் பழுப்பாகிக் கருகி, இலை உதிரும். மரத்தைக் கொல்வது அரிது. ஆனால் இலை போனால் உணவு போகிறது, உணவு போனால் பூவும் தள்ளிப்போகிறது.

அந்தப் பொடி முழுவதும் வித்துகள். காற்றில் பறந்து இன்னோர் இலையில் அமர்ந்து, அந்த இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தால் முளைத்துவிடும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும் நம் ஊரில் இந்த நோயை முற்றாக ஒழிக்க நினைப்பது வீண் முயற்சி. அடக்கி வைக்கத்தான் முடியும். அடக்கி வைப்பதற்கு மருந்தைவிடப் பழக்கமே பெரிதும் உதவுகிறது. பொடி கண்ட இலைகளை அசைக்காமல் ஒவ்வொன்றாகக் கிள்ளி, உடனே பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் விழுந்து கிடப்பவற்றையும் விடக் கூடாது. இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வாழும், ஆகவே வித்துகளைக் கூட்டி அகற்றினாலே சுற்று பெருமளவு அறுந்துவிடும். தண்ணீர் ஊற்றும்போது மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள், இலையைக் கழுவ வேண்டாம். செடிகளை நெருக்கி வைக்காமல் இடையில் காற்றுப் புக வழி விடுங்கள்.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீரில் நனையும் கந்தகத் தூள் பலரும் பயன்படுத்துவது. அதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டும் நேரத்தில் கந்தகம் இலையைக் கருக்கும், ஆகவே நம் ஊரில் பகலில் அடிக்கவே கூடாது. மாலையில்தான் அடிக்க வேண்டும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழிந்த பிறகே கந்தகம் அடிக்க வேண்டும். எனினும் பொதுத் தாழ்வாரத்தில், அடுத்த வீட்டுக் கதவு இரண்டடி தள்ளியிருக்கும் இடத்தில், கந்தகம் தெளிப்பதை நான் விரும்ப மாட்டேன். இலை கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மழை வராத தாழ்வாரங்களில் துருவைவிட மாவுப்பூச்சியே அதிகம். வெள்ளைப் பஞ்சுபோல் இலைக்காம்பின் இடுக்கில் அடையும். எறும்புகள் வரிசையாக ஏறுவதைக் கண்டால் அங்கே தேடுங்கள், ஏனென்றால் அதன் தேன்கசிவுக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கின்றன. எறும்பை நிறுத்தாமல் பூச்சியை மட்டும் துடைப்பதால் பயனில்லை.

சுவா சூ காங் மாடி எழுதியது:

இந்த உரையாடல் இழை நல்ல திசையில் போய்க்கொண்டிருப்பதால் என் கேள்வியையும் சேர்க்கிறேன். எங்கள் புளோக்கின் கீழே நகர மன்றத்தார் மரங்களைக் கழித்துவிட்டபோது, அங்கிருந்த பணியாளரிடம் கேட்டு ஈழத்தலரிக் கிளை ஒன்றை வாங்கி வந்தேன். இதைப் போத்தாக நடுவது எப்படி? நட்டால் அழுகிப் போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

பெடோக் மூத்தவர் எழுதியது:

அந்த அக்கா சொல்வதில் உண்மை உண்டு. பச்சையாக வெட்டியவுடன் ஈர மண்ணில் செருகினால் அழுகத்தான் செய்யும். ஈழத்தலரியின் தண்டு தண்ணீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றான தண்டு. வேர் வருவதற்கு முன் அதற்கு வெளியிலிருந்து தண்ணீர் தேவையே இல்லை.

முதலில் கிளையின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் முதிர்ந்த பகுதிதான் வேர்விடும். பச்சையான இளநுனி மட்டும் இருந்தால் தேறாது. நீளம் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை போதும். விரல்களால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. இலைகளையும், பூங்கொத்து இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். பால் வடிவது நின்ற பிறகு, மழைச்சாரல் படாத, காற்றோட்டமான நிழலில் ஒன்று முதல் இரண்டு வாரம் கிடத்தி வையுங்கள். மற்ற நாடுகளின் குறிப்புகளில் சில நாள் போதும் என்று எழுதியிருப்பார்கள்; அவர்களுடைய காற்று உலர்ந்தது. இங்கே வெட்டுவாய் தக்கைபோல் இறுகிய பிறகே நட வேண்டும், நாள் கணக்கைப் பார்த்து நடக் கூடாது.

நடுவதற்குக் கறுப்பான தோட்டமண் வேண்டாம். நம் நர்சரிகளில் மூட்டையாகக் கிடைக்கும் சுட்ட மண்ணும் பெர்லைட்டும் அல்லது பியூமிஸ் கல்லும் பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது. கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் சேர்த்தால் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். சிறிய தொட்டியில் ஒரு சாண் ஆழம் ஊன்றி, காற்றில் ஆடாதபடி குச்சி வைத்துக் கட்டுங்கள். ஆடினால் புதிதாக வரும் வேர்முனைகள் முறிந்துவிடும். நட்டபோது ஒரு முறை லேசாக நனைத்ததோடு சரி. நுனியில் புது இலைகள் விரிந்து ஓரளவு பெரிதாகும் வரை பொறுத்திருங்கள். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சிறு இலை எட்டிப் பார்த்தவுடனேயே வேர் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், தண்டில் உள்ள சேமிப்பைக் கொண்டே முதல் இலைகள் வந்துவிடும்.

சாலையோர மரம் என்றால் உங்களுடையது ஒப்டுசாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அது ரூப்ராவைவிடத் தாமதமாகவும் தயக்கத்தோடும் வேர்விடும் இனம். ஆகவே ஒரே கிளையிலிருந்து இரண்டு போத்துகள் எடுக்க முடிந்தால் இரண்டையும் வையுங்கள். விதை போட்டு வளர்ப்பவர்களும் உண்டு. ஆனால் விதைக்கன்று தாய்மரத்தின் பூவையே தரும் என்ற உறுதி இல்லை, பூப்பதற்கும் சில ஆண்டுகள் ஆகும்.

தெம்பனிஸ் தொண்டர் எழுதியது:

செடியின் நலத்தைப் பேசிவிட்டீர்கள். விதிகளையும் நினைவூட்ட விரும்புகிறேன், ஏனென்றால் தாங்கி வைப்பது பற்றி மேலே பேச்சு வந்திருக்கிறது.

பொதுத் தாழ்வாரத்தில் ஆள் நடக்கும் வழி குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. தொட்டி, தாங்கி, விரிந்த கிளை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். கைப்பிடிச் சுவரின் மேலேயும் அதன் வெளிப்புறத்திலும் தொட்டி வைப்பது கூடவே கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்பும் காலையிலும் அடிக்கும் சுமத்ரா புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை வீசக்கூடியது. தலைப்பகுதி கனத்த ஈழத்தலரி அந்தக் காற்றில் படகுப் பாய் போல் காற்றை வாங்கிக்கொள்ளும். ஆகவே தாங்கியின் மீது வைப்பவர்கள் தொட்டியையும் தண்டையும் சேர்த்து உட்புறமாகக் கட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியைவிடக் கனமான மண்தொட்டி நல்லது. அதன் பக்கங்கள் வழியாக ஈரமும் வெளியேறும்.

அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வளர்வதற்கு ஒரு வாரமே போதும். தேசியச் சுற்றுப்புற வாரியம் அடித்தட்டைக் கவிழ்ப்பதோடு, இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடவும் வலியுறுத்துகிறது, இறுகிய மண்ணின் மேல் நிற்கும் தண்ணீரிலும் முட்டைப்புழுக்கள் வளரும் என்பதால். ஈழத்தலரிக்கு அடித்தட்டே வேண்டியதில்லை. தண்ணீர் வடிவதற்கு வாளி ஒன்றின் மேல் வைத்து ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மழைத்துளி எழுதியது:

தண்ணீர் பற்றி மண்வெட்டி அண்ணன் சொன்னதற்கு ஒரு சிறு திருத்தம். தினமும் ஊற்றுவது அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இலைகள் துவளும் வரை வாட விடுவதால் பூ வரும் என்பது ரூப்ராவின் இயற்கைச் சுழற்சியைத் தவறாகப் புரிந்துகொள்வது. குளிர்காலமோ நீண்ட கோடையோ உள்ள ஊர்களில் அந்த மரம் இலையைக் கொட்டி ஓய்ந்துவிட்டு, வெப்பமும் மழையும் திரும்பும்போது பூவோடு எழுகிறது. அங்கே எழுதப்பட்ட குறிப்புகளில் ஓய்வுக் காலத்தில் தண்ணீரை நிறுத்தச் சொல்வது அதனால்தான். இங்கே அப்படிப்பட்ட ஓய்வுக் காலம் தெளிவாக வருவதில்லை. பகல் பொழுதும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்ததை விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் வடியும் வரை ஊற்றுவது ஒன்றே இங்கே பொருந்தும் விதி. வெயிலில் நிற்கும் மாதங்களில் அது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆகலாம், நிழல் மாதங்களில் ஒரு முறையே போதுமானதாக இருக்கலாம்.

சுவா சூ காங் மாடி எழுதியது:

மூத்தவர் ஐயாவுக்கு நன்றி, கிளை இப்போது சன்னலுக்கு உள்ளே காய்ந்துகொண்டிருக்கிறது. இதோடு தொடர்புடைய இன்னொரு கேள்வி. இது இடுகாட்டு மரம், வீட்டு வாசலில் வைக்கக் கூடாது என்று என் மாமியார் சொல்கிறார்.

பெடோக் மூத்தவர் எழுதியது:

நம் வட்டாரத்தில் மலாய் முஸ்லிம் இடுகாடுகளில் கெம்போஜா (ஈழத்தலரியின் மலாய்ப் பெயர்) மரங்கள் நிற்பதால் வந்த எண்ணம் அது. பாலித் தீவில் அதே பூவை நாள்தோறும் வழிபாட்டுக்கு வைக்கிறார்கள், இலங்கையில் பௌத்த விகாரைகளின் முற்றத்தில் அது நிற்கிறது, லாவோஸ் நாட்டுக்கு அது தேசிய மலர். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் வாதாட வேண்டாம், சமூகத் தோட்டத்தில் வைத்துவிடுங்கள். செடிக்கும் அதுதான் நல்லது.

செங்காங் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. துருப் பிடித்த இலைகளை நீக்கிவிட்டேன், ஏறக்குறையப் பாதி இலைகள் போய்விட்டன. தாழ்வாரத்தை அளந்ததில், தாங்கி வைத்தாலும் 1.2 மீட்டருக்கு மேல் வழி மிஞ்சுகிறது. உரம் இப்போதைக்குப் போடவில்லை. கடைசியாக ஒன்று: இலை கிள்ளும்போது வடிந்த பால் பட்டுக் கையில் அரிப்பு எடுத்தது. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருப்பதால் கேட்கிறேன், இது ஆபத்தானதா? குறைந்த வெயிலிலும் பூக்கும் வகை ஏதாவது உண்டா?

மழைத்துளி எழுதியது:

பால் தோலையும் கண்ணையும் உறுத்தும், விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி என்றாலும் நம் ஊர் அரளியைப் போன்ற கொடிய நஞ்சு கிடையாது. கையுறை அணிந்துகொண்டு, பால் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தாங்கியின் மீது ஏற்றினால் பிள்ளையின் கைக்கும் எட்டாது. ஆனால் தாங்கியைப் பிள்ளை பிடித்து ஏறாதபடியும், அதிலிருந்து கைப்பிடிச் சுவரை எட்டாதபடியும் பார்த்து வையுங்கள். அந்த உறுதி இல்லையென்றால் தாங்கியே வேண்டாம்.

பெடோக் மூத்தவர் எழுதியது:

நிழலில் பூக்கும் ஈழத்தலரி என்று ஒன்று கிடையாது அம்மா. ஓரளவு குறைந்த வெயிலையும் சிறிய தொட்டியையும் பொறுத்துக்கொண்டு பூப்பது புடிக்கா இனம். இலை கரண்டி வடிவில் இருக்கும், துரு நோயும் அதில் குறைவு, போத்தும் எளிதில் வேர்விடும். பூ வெள்ளை. மணம் மட்டும் அநேகமாக இல்லை. ரூப்ராவின் மணத்துக்காகத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் அது உங்களுக்கு நிறைவு தராது. தேனே இல்லாத பூவை இரவில் மணக்க வைத்து அந்துப்பூச்சிகளை ஏமாற்றி வரவழைக்கும் மரம் இது. அந்த மணம் பொழுது சாய்ந்த பிறகுதான் தாழ்வாரத்தில் நிறையும். ஜூன், ஜூலை மாதங்களில் உங்கள் செடியில் மொட்டு கட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். மொட்டு வந்தால் செப்டம்பரில் அதைத் தெற்குப் பக்கம் நகர்த்துவதா, பூ முடியும் வரை தாழ்வாரத்திலேயே விடுவதா என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.